உள்ளங்கைக்குள் அடங்குற போன்

ஜெரூஷா: இதைவிடச் சின்னது காட்டுங்கண்ணா.

பென்னி: மேடம், கடையில இதைவிடச் சின்னதுன்னா கால்குலேட்டர்தான் இருக்கு.

கனகவல்லி: அதையும் எடுத்துப் போடுண்ணா. இவ வாங்கினாலும் வாங்குவா.

ஜெரூஷா: நீ சும்மா இருடி கனகா. அண்ணா, என் கையைப் பாருங்க. இந்த விரல் நுனியிலருந்து இதோ இந்த ரேகை வரைக்கும். மூடினா உள்ள போன் இருக்கிறதே தெரியக் கூடாது.

பென்னி: தெரியக் கூடாதா? எல்லாரும் நாலு பேருக்குத் தெரியணும்னுதான் போனே வாங்குறாங்க.

ஜெரூஷா: யூனிஃபார்ம் பாக்கெட்டுக்குண்ணா. எங்க கம்பெனி ஓவர்கோட்ல லேடீஸ் பாக்கெட் பாத்திருக்கீங்களா? ஒரு பேனா போகும். இன்னொரு பேனா போகாது. ஆம்பளைங்க கோட்ல டிபன்பாக்ஸே போகுது. பொம்பளைக்குக் கூடக் கொண்டுபோக எதுவும் இருக்காதுன்னு தச்சவனே முடிவு பண்ணிட்டான்.

கனகவல்லி: இப்ப இவ வெச்சிருக்கிறது வூட்டு வாசக்கதவு சைஸு. குனிஞ்சா வுழுது. போன வாரம் டீ டிரம்முக்குள்ள போயிருக்கும், நான்தான் புட்ச்சேன்.

பென்னி: எந்தக் கம்பெனி?

ஜெரூஷா: திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட். நான் இம்போர்ட்ஸ் பாக்குறேன். இவ ஸ்டோர்ஸ்.

பென்னி: அப்ப ஒரு பட்டன் போன் எடுத்துக்கங்க. நல்லா அடங்கும்.

ஜெரூஷா: பட்டன் போன்ல டிக்‌ஷனரி ஆப் ஓடுமா?

பென்னி: என்ன டிக்‌ஷனரி?

ஜெரூஷா: சைனீஸ்.

பென்னி: ...

ஜெரூஷா: அண்ணா?

பென்னி: ஆங்... கேட்குது, கேட்குது. ட்ரெயின் போகுதுல்ல... சைனீஸா? அதெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். எதிர் வரிசையில பெரிய ஷோரூம் இருக்கு, அங்க வேணா...

ஜெரூஷா: உங்களுக்கு எதுக்குத் தெரியணும்? போனுக்குத் தெரிஞ்சா போதும். கேளுங்க. நெட் இல்லாம ஓடணும், எங்க ஷெட்டு மேல தகரம், உள்ள டவரே வராது. விரலால எழுதினா எழுத்தைக் கண்டுபிடிக்கணும். ஒரு ஷிஃப்ட் சார்ஜ் நிக்கணும். கைக்குள்ள அடங்கணும்.

பென்னி: கேமராவை எழுத்து மேல காட்டினாலே அர்த்தம் சொல்லுமே அந்த ஆப்பெல்லாம்.

ஜெரூஷா: கேட்லயே கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டிடுவாங்க. ஷெட்டுக்குள்ள யாரும் படம் எடுக்கக் கூடாது. சாயங்காலம் வெளிய வந்துதான் பிச்சு எறியணும்.

கனகவல்லி: செக்யூரிட்டி பொன்னுசாமி அண்ணன் அதுல ரொம்ப கரெக்டு. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. டார்ச்சு லைட்டையும் கேமரான்னு நென்ச்சு அது மேலயும் ஒண்ணு.

பென்னி: சரி... இதைப் பாருங்க. நாலு இன்ச். ஒரு காலத்துல எல்லார் கையிலயும் இதுதான்.

ஜெரூஷா: ஆகா! இது சோப்பு டப்பாவுக்குள்ளயே போகும். ஆப் ஏத்துங்க.

பென்னி: அங்கதான் சிக்கல். போன் பழசு, ஆப் புதுசு. ஏறாது.

கனகவல்லி: எங்க மாமியார் மாதிரி. புதுசா எது வந்தாலும் உள்ள வுடாது.

ஜெரூஷா: ஏறாததை எதுக்குக் காட்டுறீங்க?

பென்னி: சின்னதா காட்டச் சொன்னீங்க... இது ஏறும். அஞ்சு இன்ச்சுக்குக் கம்மி.

ஜெரூஷா: இதென்ன முதுகு உப்பியிருக்கு?

பென்னி: பேட்டரி கொஞ்சம்...

ஜெரூஷா: கொஞ்சமா? வளைகாப்பு போடலாம் போலிருக்கு. இதைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு நான் வெல்டிங் நடக்குற இடத்துல நிக்கணுமா?

பென்னி: வாங்கினா மாத்திக் கொடுத்துடுவேன் சிஸ்டர்.

ஜெரூஷா: காட்டுறதுக்கு முன்னாடியே மாத்தி வெச்சா கை தேஞ்சுடுமா?

பென்னி: நீங்க எந்த சர்ச் சிஸ்டர்? எங்கயோ பாத்த மாதிரி...

ஜெரூஷா: போன் வாங்க ஞானஸ்நான சர்டிஃபிகேட் வேணுமா?

பென்னி: ஐயோ, சும்மா கேட்டேன். இருங்க, உள்ள ரூம்ல ஒண்ணு கெடக்கு. தேடிப் பாத்து எடுத்துட்டு வர்றேன். அது நீங்க கேட்ட சைஸ்தான்.

கனகவல்லி: போயிட்டாரு. இன்னா சொன்ன? பாக்கெட்டுக்கா? நல்லா பொய் வருது உன் வாயில.

ஜெரூஷா: மெதுவா பேசுடி.

கனகவல்லி: திங்கக்கிழமை சீனாக்காரன் மெஷின் மாட்ட வந்து, அவன் பாஷையில கடகடன்னு கொட்டுவான். நீ கையை மூடிக்கினு, குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கினு நிப்ப. பரீட்சையில பிட்டு அடிக்கிற மாதிரி.

ஜெரூஷா: காலேஜ்ல ஒரு தடவைகூட நான் பிட் அடிச்சதில்ல.

கனகவல்லி: எல்லாத்துக்கும் சேத்து இப்ப அடிக்கப்போற. ஏன்டி இன்டர்வியூல அப்படி ஒரு பொய்யைச் சொன்ன?

ஜெரூஷா: எத்தனை தடவை கேட்ப? எனக்கு முன்னாடி போனவன் ஃப்ரெஞ்சு தெரியும்னான். அடுத்தவ ஜெர்மன்னா. ஸ்கூல்லயே சொல்லிக் கொடுத்தாங்களாம். என் முறை வந்தப்ப அந்த எச்.ஆர். கண்ணாடிக்கு மேல பாத்து, 'தமிழ், இங்கிலீஷ் மட்டும்தானா?'ன்னான். அந்த 'மட்டும்' இருக்கு பாரு... எங்க வீட்ல டிகிரி வாங்கின மொத ஆளு நான். என் சர்டிஃபிகேட்டை லேமினேஷன் போட எடுத்துட்டுப் போன எங்கப்பா, கடைக்காரனை நிக்க வெச்சு மொத்தத்தையும் படிச்சுக் காட்டச் சொல்லியிருக்காரு. அதுக்கு இவன் 'மட்டும்'ங்கிறான். பத்திக்கிட்டு வந்துச்சு. 'சைனீஸும் தெரியும் சார்'னுட்டேன்.

கனகவல்லி: இந்தின்னு சொல்லித் தொலைக்கிறது.

ஜெரூஷா: இந்தின்னா அங்கயே ரெண்டு பேர் பேசிப் பாத்திருப்பாங்க. சைனீஸ் எவனுக்குத் தெரியும்? வாயை மூடிக்கிட்டு வேலை கொடுத்துட்டான்.

கனகவல்லி: இப்ப முதலாளி தோத்தாத்ரி சார்கிட்ட நேராப் போய் ஒத்துக்கினா இன்னா?

ஜெரூஷா: சார் வெளியாள் இன்டர்ப்ரெட்டரையே வேணாம்னு சொல்லிட்டாரு. 'நம்ம ஜெரூஷா இருக்கிறப்ப வேற ஆள் எதுக்கு'ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாரு. இப்பப் போய் நின்னா வேலை போகும். வேலை போனாக்கூட வேற பாத்துக்கலாம்டி. அந்த எச்.ஆர். சிரிப்பான் பாரு... அதைத்தான் என்னால தாங்க முடியாது.

கனகவல்லி: நீயும் ரெண்டு வருஷமா படிக்கத்தான் செய்யிற.

ஜெரூஷா: மெயில் வந்தா எழுத்துக்கூட்டிப் படிச்சுடுவேன். பேசினாத்தான்... காதுக்குள்ள வண்டு போற மாதிரி போகுது. எங்க வார்த்தை முடியுது, எங்க ஆரம்பிக்குதுன்னே பிடிபடல.

கனகவல்லி: அப்ப இந்தத் துக்கடா போனு மட்டும் எப்படிக் காப்பாத்தும்? நீ அதுல எழுதித் தேடுறதுக்குள்ள அவன் சீனாவுக்கே போய்ச் சேந்துடுவான்.

ஜெரூஷா: ஒரு வழி இருக்கு.

கனகவல்லி: இன்னா வழி?

ஜெரூஷா: இரு. வர்றாரு.

பென்னி: இதோ. பிடிங்க. பிஸ்கட் பாக்கெட்ல பாதிதான் இருக்கும்.

ஜெரூஷா: கனகா, கையை மூடுறேன். தெரியுதா பாரு.

கனகவல்லி: இல்ல... ஆங், ஓரத்துல கொஞ்சம்... இப்ப இல்ல. துப்பட்டாவை இழுத்து வுடு. சுத்தமாத் தெரில.

பென்னி: துப்பட்டா எதுக்கு? பாக்கெட்னீங்களே?

ஜெரூஷா: பாக்கெட் மேலதான் துப்பட்டா இருக்கும். நீங்க போனைப் பத்திச் சொல்லுங்க.

பென்னி: சிஸ்டம் புதுசு. பேட்டரி புதுசு. சைனாவிலருந்து யாரோ கொண்டுவந்து போட்டது. ஒரே ஒரு குறை. மெனு பூரா சைனீஸ். ரெண்டு பேர் வாங்கிட்டுப் போய், அதே வேகத்துல திரும்பக் கொண்டுவந்துட்டாங்க.

கனகவல்லி: கடைக்காரரு நீதானே. இங்கிலீஷுக்கு மாத்தி வெக்க வேண்டியதுதானே?

பென்னி: எனக்கெப்படித் தெரியும்? மேடத்துக்குத்தான் தெரியுமே. மாத்திக்கட்டும்.

கனகவல்லி: ஆமா. மேடத்துக்குத்தான் தெரியுமே. மாத்துங்க மேடம்.

ஜெரூஷா: கனகா, உனக்கு இருக்கு... கொடுங்க இப்படி. இது செட்டிங்ஸ். பல்சக்கரம் எந்த ஊர்லயும் பல்சக்கரம்தான். இதுக்குள்ள மொழி... இது இல்ல... இதுவா... ஏதோ கேட்குது.

பென்னி: என்ன கேட்குது?

ஜெரூஷா: 'உறுதிதானா?'ன்னு.

பென்னி: எதுக்கு உறுதி?

ஜெரூஷா: மொழி மாத்தத்தான். வேற எதுக்குக் கேட்கும்? சரின்னு அமுக்கிட்—

பென்னி: ஐயோ, அமுக்காதீங்க! மொத்தமா அழிச்சிடும்! கொடுங்க, கொடுங்க இங்க!

கனகவல்லி: அழிச்சிடும்னு உனக்கு எப்படிண்ணா தெரியும்?

பென்னி: சிவப்பா இருந்துச்சு மேடம். சிவப்புன்னாலே வில்லங்கம்தானே.

ஜெரூஷா: கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்னு, தலைகீழாப் பாத்தீங்க.

பென்னி: கலருக்கு ஏது தலைகீழ்?

கனகவல்லி: அதுவும் சரிதான்.

பென்னி: நான் சும்மா அங்கங்க தட்டிப் பாக்குறேன்... சில நேரம் தானா வரும்... ஆ. வந்துடுச்சு பாருங்க. இங்கிலீஷ்.

கனகவல்லி: நல்ல கைராசி உனக்கு.

ஜெரூஷா: ரொம்ப நல்ல கைராசி. ஆப்பையும் உங்க கையாலயே ஏத்துங்க.

பென்னி: ஏறிடுச்சு. எழுதிப் பாருங்க.

ஜெரூஷா: இப்படி ஒரு கோடு... இப்படி... என்னமோ வேற வேற எழுத்தைக் காட்டுது. ஸ்கிரீன் சின்னது, என் விரல் பெருசு. அதான்.

பென்னி: விரல் இல்ல மேடம், வெளிப்பெட்டியை மொதல்லயே மூடிட்டீங்க. உள்ள இருக்கிறதைப் போட்டுட்டுத்தான் அடிக்கோடு...

ஜெரூஷா: ம்?

பென்னி: பொதுவா சொன்னேன். பெட்டின்னா சாமானை வெச்சுட்டுத்தானே மூடுவோம்.

ஜெரூஷா: ஓ. சரி, சவுண்டு பாப்போம். 'மாய்'. இது 'வாங்குறது'ன்னு நினைக்கிறேன். மாய். மாய்.

பென்னி: ஸ்ஸ்...

ஜெரூஷா: என்னண்ணா, பல்வலியா?

பென்னி: இல்ல... கீழ போய்ட்டு மேல வரணும். நீங்க கீழயே போட்டுட்டீங்க, அப்ப அது 'விக்கிறது'ன்னு... வால்யூமைச் சொன்னேன்! வால்யூம் பட்டனைக் கீழ அமுக்கிட்டு மேல அமுக்கணும்.

கனகவல்லி: வால்யூம் பட்டனா விக்கிது?

பென்னி: மேடம், நானும் ஒண்ணு கேட்கலாமா? உங்களுக்குத்தான் சைனீஸ் தெரியுமே. அப்புறம் டிக்‌ஷனரி எதுக்கு?

ஜெரூஷா: டாக்டருக்குத் தெரியாத நோயா? ஆனாலும் ஸ்டெதஸ்கோப் இல்லாம வர்றாரா?

கனகவல்லி: இன்னாண்ணா, மூஞ்சி சுண்டிப்போச்சு?

பென்னி: ஒண்ணுமில்ல. ஸ்கிரீன் கார்டு ஒட்டணுமா, வேணாமா?

கனகவல்லி: அடியே, உன் வாசக்கதவு அடிக்குது பாரு.

ஜெரூஷா: தோத்தாத்ரி சார்... ஹலோ சார்... சொல்லுங்க சார்... யாரு? வந்துட்டாரா? திங்கக்கிழமைதானே சார்... ஓ, முன்னாடி ஃப்ளைட்டே கெடைச்சுடுச்சா... கார்ல உங்க பக்கத்துலயா... நான் தாம்பரத்துல சார், மார்க்கெட்ல... இப்பவா? போன்லயா? சார், இங்க ஒரே சத்தம் சார், டவர் வேற... சார்... சார்? கொடுத்துட்டாருடி! அந்தாள் கையில கொடுத்துட்டாரு!

கனகவல்லி: பேசு!

ஜெரூஷா: 'நீ ஹாவ்'னுட்டேன். அதுக்கப்புறம் நிறுத்தாம போறான்!

கனகவல்லி: கட் பண்ணுடி! டவர் இல்லைன்னு சொல்லிக்கலாம்!

ஜெரூஷா: பிடிங்க.

பென்னி: நானா? என்கிட்ட எதுக்கு... மேடம், நான் போன் விக்கிறவன்...

ஜெரூஷா: பிடிங்க பென்னி! என் வேலை போயிடும்!

பென்னி: ...வெய்? ...வாங் ஷியென்ஷெங், நின் ஹாவ், நின் ஹாவ்.

கனகவல்லி: யம்மாடியோவ்!

பென்னி: தூய்... தூய், தூய்... மெய் வென்தி...

கனகவல்லி: ஏய், இன்னாடி இது, தண்ணி மாதிரி ஓடுது?

ஜெரூஷா: ஷ்ஷ்!

பென்னி: ஆ? ...ஹஹ்ஹா... மெய் குவான்ஷி, மெய் குவான்ஷி... ஹாவ். ஜாய் ஜியென்... மேடம், உங்க சார் லைன்ல வந்துட்டாரு.

ஜெரூஷா: சார்... ஆமா சார், நல்லாப் பேசினோம்... ஆம்பளைக் குரலா? அது என் அசிஸ்டென்ட் சார்... ட்ரெயினிங் கொடுத்துக்கிட்டிருக்கேன் சார்... கண்டிப்பா சார், திங்கக்கிழமை கூட்டிட்டு வந்துடுறேன்... வெச்சிடுறேன் சார்.

பென்னி: அசிஸ்டென்ட்டா?

கனகவல்லி: ட்ரெயினிங்கா?

ஜெரூஷா: தெரியாதுன்னீங்க!

பென்னி: நீங்க தெரியும்னீங்க!

கனகவல்லி: ரெண்டும் சரியான ஃபிராடுங்க. நடுவுல நான் ஒருத்தி.

ஜெரூஷா: எங்க கத்துக்கிட்டீங்க?

பென்னி: அங்கதான். மெடிக்கல் படிக்கப் போனேன். கடைசி வருஷத்துக்கு முன்னாடி லீவுக்கு வந்தேன், கொரோனா வந்து எல்லாத்தையும் சாத்திட்டாங்க. தொறந்தப்ப... எங்க வீட்டு நிலைமை வேற மாதிரி ஆயிடுச்சு. போகல. அவ்வளவுதான்.

கனகவல்லி: அதுல மறைக்க இன்னா இருக்குது?

பென்னி: சைனீஸ் தெரியும்னா எப்படித் தெரியும்பாங்க. சொன்னா, அப்ப நீ டாக்டரான்னு கேட்பாங்க. இல்லைன்னு சொன்னதும் 'ஐயோ பாவம்'னு ஒரு மூஞ்சி வெப்பாங்க பாருங்க... அந்த மூஞ்சியைப் பாக்க முடியாமத்தான் எல்லாம் மறந்துபோச்சுன்னு சொல்லிட்டேன். இப்ப நீங்களும் வெக்காதீங்க.

ஜெரூஷா: எனக்கு எதுக்குப் பாவம்? கோவம்தான் வருது. அந்த ஊர் ஆஸ்பத்திரியில நின்னு, ஜனங்களோட பேசிக் கத்துக்கிட்ட பாஷை. அதைப் பூட்டி வெச்சுட்டு இங்க உக்காந்து கண்ணாடி ஒட்டிக்கிட்டிருக்கீங்க. நான் ஒரு வார்த்தையைக் காதுல ஏத்த நாய் மாதிரி அலையுறேன். எனக்கு வயிறு எரியுது.

கனகவல்லி: இவ இப்படித்தாண்ணா, மூஞ்சிக்கு நேராப் பேசிடுவா. மன்சுல வெச்சுக்காத.

பென்னி: இல்ல... இதுவரைக்கும் யாரும் கோவப்படல. இது... பரவால்லாம இருக்கு.

கனகவல்லி: அது கெடக்கட்டும். அந்தாளு இன்னா சொன்னான்? நீ நடுவுல சிரிச்சியே.

பென்னி: அதுவா... மொதல்ல, மெதுவாப் பேசுங்க, பக்கத்துல உங்க முதலாளி இருக்காருன்னாரு. அவங்க கம்பெனியில இங்கிலீஷ் நல்லா வரும்னு சொல்லித்தான் இந்தியாவுக்குக் கிளம்பி வந்தாராம்.

ஜெரூஷா: சரி?

பென்னி: வராதாம்.

கனகவல்லி: அட கடவுளே!

பென்னி: ஏர்போர்ட்லருந்து உங்க சார் இங்கிலீஷ்ல கேட்டுக்கிட்டே வர்றாராம். இவர் எல்லாத்துக்கும் 'யெஸ், யெஸ்'னே சொல்லிட்டு வர்றாராம்.

ஜெரூஷா: என்ன கேட்டாராம்?

பென்னி: அது தெரிஞ்சா அவர் ஏன் பயப்படுறாரு? எதுக்கெல்லாம் ஒத்துக்கிட்டேன்னு விசாரிச்சுச் சொல்லுங்கன்னு நம்மளைத்தான் கேட்குறாரு.

கனகவல்லி: சாரு ஓசியில இன்னொரு மெஷினையே கேட்டு வாங்கியிருப்பாரு!

ஜெரூஷா: திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு கேட்டுக்கு வந்துடுங்க. ஷூ போட்டுக்கிட்டு வாங்க, செருப்போட உள்ள விட மாட்டாங்க.

பென்னி: நான் இன்னும் வர்றேன்னே சொல்லல.

ஜெரூஷா: வராம அந்த மனுஷனைத் தனியா விட்டுடுவீங்களா? அவர் எங்க சார்கிட்ட யெஸ் யெஸ்னே கெடந்து சாகட்டுமா?

பென்னி: ...ரொம்பப் பயந்துபோய்த்தான் பேசினாரு. சரி, வர்றேன். அப்ப இந்தப் போன் வேணாம்தானே? நான்தான் இருக்கேனே.

ஜெரூஷா: போன் வேணும். மெஷின் ஓட ஆரம்பிச்சதும் நீங்க கடைக்குத் திரும்பிடுவீங்க. நான் சொன்ன பொய் என்கூடத்தான் இருக்கும். அதை நான் உண்மையாக்கியாகணும். பில் போடுங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறீங்க.

கனகவல்லி: பாத்தியா, இப்ப ட்ரெயினிங் அந்தப் பக்கத்துலருந்து வருது.

பென்னி: எல்லாத்துக்கும் சரி. ஒரே ஒரு கண்டிஷன்.

ஜெரூஷா: என்ன?

பென்னி: நான் சைனீஸ் பேசினது வெளிய தெரியக் கூடாது. முக்கியமா எங்கம்மாவுக்கு. அப்பல்லாம் தினம் சீனாவிலருந்து நான் போன் பண்ணுறப்ப, ஒரு வார்த்தை பேசிக் காட்டுடான்னு கேட்டுக் கேட்டுச் சிரிப்பாங்க. எல்லாம் மறந்துட்டேன்னு நான் சொன்ன அன்னைக்கு அழுதுட்டாங்க. பொய்யின்னு தெரிஞ்சா மனசு உடைஞ்சுபோயிடும். அவங்களுக்கு மட்டும் தெரியவே கூடாது.

ஜெரூஷா: அவங்களுக்கு ஏற்கனவே தெரியும். எனக்கு ஆறாவதுல கணக்கு எடுத்தாங்க உங்கம்மா, ரத்தினபாய் டீச்சர். போன ஞாயிறு அவங்ககிட்டதான் போய் அழுதேன். 'நேராக் கேட்டா உள்ள ஓடி ஒளிஞ்சுக்குவான்மா, போன் வாங்குற மாதிரி போய், தெரியாம முழிக்கிற மாதிரி நில்லு, பாத்துக்கிட்டு அவனால சும்மா இருக்க முடியாது'ன்னு சொல்லி அனுப்பினாங்க. போன் வாங்கத்தான் நடிச்சேன். முழிக்கிறதுக்கு நடிப்பே தேவைப்படல.